பூட்டிய அறைக்குச் சாவி

திலக் நகருக்கு நான் குடிவந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. கணக்கு வாத்தியார் வேலை. 2000-ஐ ஒட்டி எங்கள் பள்ளிக்குக் கணினிகள் வந்தன. கூடவே அறைக்குப் பூட்டும் வந்தது. “பிள்ளைங்க கை வெச்சா கெட்டுப்போயிடும் சார்” என்பார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கும் அதைத் தொடப் பயம்தான். சொல்லிக்கொடுக்க ஆளில்லை.

ஆனால் ஆட்கள் தூரத்தில் இல்லை. திலக் நகரில் ரயில் ஏறினால் இரண்டாவது ஸ்டேஷன் கோவண்டி. பக்கத்தில் தேவ்னாரில் டாடா சமூக அறிவியல் நிறுவனம். மூன்றாவது மான்குர்டு, அங்கே ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம்.

தேவ்னார் நிறுவனமும், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யும், டாடா அறக்கட்டளைகளும் 2015-ல் ‘கிளிக்ஸ்’ என்ற திட்டத்தைத் தொடங்கின. ஹோமி பாபா மையமும் கைகோத்தது. ராஜஸ்தான், சத்தீஸ்கர், தெலங்கானா, மிசோரம் மாநிலங்களில் 400-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளுக்கு அது சென்றது. 2017-க்கான யுனெஸ்கோ விருதையும் பெற்றது.

அப்படி என்ன செய்தார்கள்? இணையம் இல்லாத ஊரிலும் ஓடும்படி, பாடங்களைப் பள்ளியிலேயே ஒரு சர்வரில் ஏற்றி வைத்தார்கள். ஒரு கணினி முன் இரண்டு மூன்று பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்து, பேசிப் பேசிப் படிப்பார்கள். வடிவியலுக்கு ‘போலீஸ் குவாட்’ என்று ஒரு விளையாட்டு. நாற்கரங்களை அவற்றின் பண்புகளை வைத்துப் பிடிக்க வேண்டும். “சதுரமும் ஒரு செவ்வகமா சார்?” என்று என்னிடம் கேட்காத பிள்ளை இல்லை. பார்வைக்கு இரண்டும் வேறு. ஆனால் நான்கு கோணங்களும் செங்கோணமா என்று பார்த்தால், சதுரமும் செவ்வகம்தான். உருவத்தை விட்டுப் பண்பைப் பார்க்கப் பழகுவதே வடிவியல்.

எல்லாவற்றையும்விட முக்கியம், ஆசிரியரைத் தனியே விடவில்லை என்பது. அவர்களுக்குப் பயிற்சி, சான்றிதழ்ப் படிப்பு, சந்தேகம் கேட்கச் செல்போன் குழு என்று துணை நின்றார்கள். எனக்குக் கிடைக்காத சாவி அதுதான்.

கிளிக்ஸ் பாடங்கள் ஆங்கிலம், இந்தி, தெலுங்கில் வந்தவை. திறந்த உரிமம் என்பதால் நாம் தமிழாக்கிக்கொள்ளத் தடையில்லை. மும்பை மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகளில் நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். நம் வீடுகளில் பொறியியல் படிப்பவர்களுக்கும் குறைவில்லை. ஞாயிறு தோறும் இரண்டு மணி நேரம் இவர்கள் ஒரு பள்ளி ஆசிரியரோடு உட்கார்ந்தால் போதும். முதலில் ஒரே ஒரு பாடம் தமிழில் வரட்டும். கணக்கைச் சரிபார்த்துக் கொடுக்க நான் தயார்.