விளையாட்டு வீடு கோழிக் கூடானது

சென்ற ஆடி மாதத்தில், பவானிக்கு அருகேயுள்ள ஒரு நெசவாளர் சங்கத்தில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபொழுது, வயதில் மூத்த அங்கத்தினர் ஒருவர் தனியே வந்து, "ஏனுங்க, கோழிக் கூடு கட்டறதுக்கு நம்ம சங்கத்திலே கடன் கெடைக்குங்களா?" என்று வினவினார். அச்சங்கத்தின் துணைவிதிகளில் அதற்கு இடமில்லை என்று சொல்லிவிட்டு, அவருடைய புறக்கடையில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். பேத்திகள் விளையாடுவதற்காகப் பலகையால் அடித்த சிறு வீடு ஒன்று ஆறேழு ஆண்டுகளாகச் சும்மா கிடக்கிறது என்றார். அவருக்குக் கூறிய யோசனைகளையே இங்கு விரித்து எழுதுகிறேன். அவை புத்தகத்தில் மாத்திரம் படித்தவை அல்ல. எங்கள் வீட்டிலேயே அத்தகைய வீடொன்றைக் கோழிக் கூடாக மாற்றி, முதலில் தோற்று, பிறகு ஒருவாறு தேறியவன் நான்.

என் தகப்பனார் ஜமக்காள நெசவாளர். 1998ஆம் ஆண்டில், பிரித்துப் போட்டிருந்த பழைய தறியின் சட்டங்களையும் சில பலகைகளையும் கொண்டு என் தங்கைக்காக ஒரு விளையாட்டு வீடு செய்தார். ஆறடி நீளம், ஐந்தடி அகலம், ஐந்தடி உயரம், மேலே தகரம். சுவருக்கு மஞ்சளும் கதவுக்குப் பச்சையும் பூசி, கதவின்மீது தங்கையின் பெயரைத் தம் கையாலேயே எழுதினார். தங்கை மணமாகிச் சென்றுவிட்டாள், தகப்பனாரும் காலமாகிவிட்டார். தறிச் சத்தம் ஓய்ந்த வீட்டில் தனித்திருந்த தாயார், "நாலு கோழியாச்சும் வெச்சுக்கறேன், கண்ணு" என்றார். ஆனால் அந்த வீட்டைப் பிரிக்கக் கூடாது என்பதும் அவருடைய கட்டளை.

ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வேலையை முடித்துவிட்டதாக எண்ணிக்கொண்டேன். உள்ளே ஒரு கழியை குறுக்கே கட்டினேன். சன்னலுக்கு வலை அடித்தேன். ஆறு பெட்டைகளை வாங்கிவந்து அடைத்தேன். ஐந்தாம் நாள் விடியற்காலையில் கீரி ஒன்று, கரையான் அரித்த அடிப்பலகையின் கீழே மண்ணைப் பறித்துக்கொண்டு உள்ளே புகுந்துவிட்டது. ஆறில் ஐந்து போயின. தின்றதென்னவோ ஒன்றைத்தான். பிறருடைய கணக்கில் ஓர் எழுத்துப் பிழையையும் விடாத நான், அந்த அடிப்பலகையை ஒரு முறை தட்டியும் பார்க்கவில்லை. தாயார் இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை.

ஆகவே முதல் வேலை தரை. மனிதக் குழந்தை விளையாடுவதற்கு மண் தரை போதும். கோழி உறங்குவதற்கு அது போதாது. உளுத்த அடிப்பலகைகளை நீக்கிவிட்டு, நான்கு புறமும் செங்கல் வரிசை வைத்து, தரையை அரையடி உயர்த்திக் கெட்டிப்படுத்தினேன். அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கோழி வலை, கோழி வெளியே போகாமல் தடுக்குமேயன்றி, பகை உள்ளே வராமல் தடுக்காது. அரை அங்குலக் கண்ணுள்ள, பற்றவைத்த கம்பி வலையே வேண்டும். அதனைச் சுவரோரத்தில் ஓரடி ஆழம் புதைத்து, நுனியை வெளிப்புறமாக மடக்கிவிட்டால், பறிக்க வரும் பிராணி கம்பியில் முட்டிக்கொண்டு திரும்பும். கதவுக்கு வெறும் கொக்கி போதாது, தாழ்ப்பாள் அவசியம்.

இரண்டாவது விஷயம், நான் கனவிலும் நினையாதது. புதிய பெட்டைகள் வந்த சில நாட்களில் அவ்வழியே வந்த கால்நடை மருத்துவர் ஒருவர், சுவரில் செதில் செதிலாக உரிந்திருந்த மஞ்சள் வர்ணத்தைக் காட்டி, "இதைக் கோழி கொத்துமே, பார்த்தீர்களா?" என்றார். பழைய எண்ணெய் வர்ணங்கள் பலவற்றில் ஈயம் கலந்திருந்தது. வீட்டு வர்ணங்களில் ஈயம் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்னும் விதி நம் நாட்டில் 2016ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. கோழிக்குப் பல் இல்லை. இரைப்பையில் தானியத்தை அரைப்பதற்காகச் சிறு கற்களைத் தேடித் தேடி விழுங்கும். உதிர்ந்த வர்ணச் செதிலையும் அவ்வாறே விழுங்கிவிடும். அந்த ஈயம் இரத்தத்தில் கலந்து முட்டையிலும் சேர்கிறது. கோழி வெளிப்பார்வைக்கு நலமாகவே இருக்கும். முட்டையைத் தின்னும் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கன்றோ கேடு! எங்கள் வீட்டு முட்டை தங்கையின் குழந்தைக்கென்று தாயார் முன்னமே தீர்மானித்திருந்தார். அதுவரை ஒரு முட்டையும் இடப்படவில்லை என்பது எங்கள் நற்காலம்.

வர்ணம் பூசிய பலகைகளை உலர்ந்தபடி சுரண்டக் கூடாது. தூள் மூக்கில் ஏறும். வெந்நீர் அடுப்புக்கு ஆகுமே என்று தாயார் எடுத்து வைத்த பலகைகளையும் தடுத்தேன். எரித்தால் ஈயம் புகையிலும் சாம்பலிலும் வரும். சுவர்ப் பலகைகள் அனைத்தையும் நீக்கி, சட்டங்களை மாத்திரம் நிறுத்திக்கொண்டு, சுற்றிலும் செதில் விழுந்த மேல் மண்ணையும் வாரி அப்புறப்படுத்திப் புது மண் கொட்டினோம். கதவைப் பற்றித்தான் நெடுநேரம் பேச்சு நடந்தது. கடைசியில் அதனை ஈரத்துணியால் துடைத்து, இருபுறமும் வார்னிஷ் பூசி, கைக்கெட்டாத பரண்மேல் ஏற்றிவிட்டேன்.

சுவர் போனதும் ஒருவகையில் நன்மையாகவே முடிந்தது. கோழிக்கு வியர்வை கிடையாது. வாயைத் திறந்து இரைத்தே உடற்சூட்டைத் தணித்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் அடைத்த தகரக் கொட்டகை அதற்கு அடுப்புத்தான். எச்சத்திலிருந்து எழும் காரநெடியும் கண்ணையும் மூச்சையும் கெடுக்கும். ஆகவே தரையிலிருந்து ஒன்றரை அடிக்குப் புதுப் பலகை அடித்து, அதற்குமேல் நான்கு புறமும் வலையாக விட்டோம். நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் உள்ளே பாயாது. தகரத்தின்மீது தென்னங்கீற்று; சாரலுக்குச் சாக்குப் படுதா. குழந்தைக்கேற்ற வாயிலில் நான் நுழைய முடியாதாகையால், பின்பக்கம் முழுவதையும் கீல் வைத்துத் திறக்கும்படி செய்தேன். கூட்டுவது எளிதாயிருந்தால்தான் தினமும் கூட்டுவோம்.

அடைத்தே வளர்ப்பதானால் கோழிக்கு இரண்டு சதுர அடி வேண்டும். எங்கள் கூடு 30 சதுர அடி. கணக்குப்படி பதினைந்து கொள்ளும். பகலில் மேய விடுவதாயினும் எட்டுப் பெட்டையும் ஒரு சேவலுமே வைத்தோம். உறங்கும் கழியில் ஒன்றுக்கு எட்டு அங்குலம் இடம் வேண்டும். பழைய தறிச் சட்டங்கள் இரண்டை முனை மழுக்கிப் பொருத்தினேன். முட்டையிட ஓரடிச் சதுரப் பெட்டி இரண்டு, இருட்டான மூலையில், கழியைவிடத் தாழ்வாக. பெட்டி உயரமாயிருந்தால் இரவில் அதிலேயே படுத்து அசுத்தம் செய்யும். தரையில் மூன்று அங்குலம் உமி பரப்பி, நனைந்ததை உடனே நீக்கி, மற்றதைக் கிளறி விடவேண்டும். பின்னர் அது தோட்டத்துக்கு நல்ல எரு.

வெள்ளைக் கழிச்சலைப் பற்றிச் சொல்லாமல் விடுவதற்கில்லை. குமாவோன் மலையிலுள்ள ராணிக்கேத்தின் பெயரால் நம் நாட்டில் வழங்கும் இந்நோய் புகுந்தால், கூடு எவ்வளவு நேர்த்தியாயிருந்தும் பயனில்லை. மருந்து கிடையாது, தடுப்பூசி உண்டு. குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, எட்டாம் வாரத்தில் ஊசி. பிப்ரவரி மாதத்தில் கால்நடை பராமரிப்புத் துறையார் இலவசமாகவே முகாம் நடத்துவது வழக்கம்.

கடன் விஷயத்துக்கு வருகிறேன். நாட்டுக்கோழி ஆண்டுக்கு அறுபது எண்பது முட்டையே இடும். பண்ணையில் வளரும் வெள்ளைக் கோழியோ முந்நூறை எட்டும். நாமக்கல் பண்ணைகளைப் பார்த்துவிட்டு, எட்டுக் கோழியை நம்பி வட்டிக்குப் பணம் வாங்குவது தகாது என்பதே என் அபிப்பிராயம். கிடக்கிற சட்டத்தையும் கூரையையும் உபயோகித்து, வலைக்கும் தாழ்ப்பாளுக்கும் மாத்திரம் கைப்பணம் செலவிடுவதே சரி. அந்த அங்கத்தினருக்கும் இதையே கூறினேன். அவர் சற்று யோசித்து, "எங்க ஊட்டு வர்ணமும் பழசுதானுங்க" என்றார்.

தாயார் இப்பொழுது ஒரு நோட்டுப் புத்தகத்தில் முட்டைக் கணக்கு எழுதுகிறார். விடுமுறையில் நான் போனால் தணிக்கை செய்யச் சொல்லி நீட்டுவார். மாலையில் கோழிகள் அடைந்த பிறகு, தாழ்ப்பாளை மாத்திரம் இன்னும் என்னிடம் ஒப்படைப்பதில்லை. தாமே போட்டு, இருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார்.