மோதல் முடிந்தும் ஓயாத மணி

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் சுவரில் மோதுவது, ஏறத்தாழ 14 மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விழுவதற்குச் சமம். மோதல் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுகிறது. ஆயினும், காயமின்றித் தப்பியவர்கூட, ஹாரன் ஒலி கேட்டால் நெஞ்சு படபடக்கிறார்; இரவில் திடுக்கிட்டு விழிக்கிறார். ஏன்?

ஆபத்தின்போது மூளையிலுள்ள அமிக்டலா என்னும் பகுதி அபாய மணி அடிக்கிறது. அட்ரினலின் சுரந்து இதயத் துடிப்பு மிகுகிறது. அந்நேரத்து ஒலியும் மணமும் ஆபத்தின் அடையாளங்களாக நினைவில் பதிகின்றன. பின்னர் அவை எதிர்ப்பட்டாலே மணி மீண்டும் அடிக்கிறது. இது கோழைத்தனமன்று, உடலின் காவல் முறையே.

பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் இது தணியும். வேளைக்கு உண்ணுங்கள், உறங்குங்கள். மனம் விரும்பும்போது நெருங்கியவரிடம் பேசுங்கள். மதுவை நாடாதீர்கள். பயணத்தை அடியோடு தவிர்த்தால் அச்சம் வேரூன்றும். முதலில் நிற்கும் காரில் துணையுடன் அமருங்கள்; பிறகு சிறிது தூரம் செல்லுங்கள்.

ஒரு மாதம் கடந்தும் தொல்லை நீடித்தால் மனநல மருத்துவரை அணுகுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தாலோ ஒரு நாளும் காத்திராதீர்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980இல் இதைத் தனி நோயாகப் பட்டியலிட்டது. இதற்குச் சிகிச்சை உண்டு. எலும்பு முறிந்தால் மருத்துவரிடம் செல்ல வெட்கப்படுகிறோமா? மனத்துக்கும் அதே நியாயம்தான்.