ஆசிரியரை மதிப்பிடும் மாணவர்: திருச்சிராப்பள்ளியிலிருந்து ஒரு சான்று

ஆசிரியர் மாணவரை மதிப்பிடுவது தொன்மையான வழக்கம் என்றும், மாணவர் ஆசிரியரை மதிப்பிடுவது மேலைநாட்டிலிருந்து வந்த புதுமை என்றும் பலர் எண்ணுகின்றனர். படிவமும் மதிப்பெண்ணும் வேண்டுமானால் புதியனவாக இருக்கலாம், மதிப்பீடு புதிதன்று. பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் ஆசிரியராகத் தகாதவருக்கு நான்கு உவமைகளைக் கூறுகின்றார். கழற்காய்களை இட்டு வைத்த குடம், இட்ட முறைப்படி அவற்றைத் திருப்பித் தருவதில்லை. மடல் சூழ்ந்த பனை, தானாகக் கனி உதிர்த்தாலன்றி ஏறிப் பறிக்க இடந்தராது. பஞ்சடைத்த குண்டிகையிலிருந்து எதையும் சிறிது சிறிதாகவே பிடுங்க வேண்டும். வளைந்த தென்னையோ நீர் வார்த்தவனை விட்டு அடுத்தவன் தோட்டத்தில் காயை உதிர்க்கும். இவ்வுவமைகளைக் கண்டவர் மாணவராக இருந்து நன்றாகத் துன்புற்றவராகவே இருத்தல் வேண்டும் என்று நமக்குத் தோன்றுகின்றது.

இஸ்லாமியக் கல்வி வரலாற்றிலும் இதற்கெனத் தனி நூல்வகையே உண்டு. தாம் பாடங்கேட்ட ஷைகுமார்களை வரிசைப்படுத்தி, எவரிடம் எந்நூலைக் கேட்டோம், அவருடைய தகுதி எத்தகையது என்று பதிவுசெய்யும் நூல்களை 'மஷ்யகா' என்றும் 'முஃஜம்' என்றும் அழைத்தனர். ஹிஜ்ரி 748-இல் மறைந்த இமாம் தஹபீ தம் ஆசிரியர்களைப் பற்றி அவ்வாறு எழுதியவர்களுள் ஒருவர். இப்னு கல்தூனும் தம் வாழ்க்கைக் குறிப்பில் தமக்குத் தருக்கமும் தத்துவமும் பயிற்றிய அல்-ஆபிலீயை நன்றியுடன் நினைவுகூர்கின்றார். இவ்வகை நூல்களில் நாம் நோக்கத்தக்கவை இரண்டு: கருத்துரைப்பவர் தம் பெயரைச் சொல்லி உரைக்கின்றார், கற்றதன் பயனை அறிந்த பின்னர் உரைக்கின்றார்.

இன்றைய முறை இவ்விரண்டுக்கும் நேர்மாறானது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் 1927-ஆம் ஆண்டிலேயே ஆசிரியர்களை மாணவர் மதிப்பிடுவதற்கான அளவுகோலை வெளியிட்டது. நம் நாட்டில் தேசிய மதிப்பீட்டு மற்றும் தரச்சான்றுக் குழு (நாக்) 2017-இல் திருத்திய தன் நடைமுறையில் மாணவர் மனநிறைவு ஆய்வைச் சேர்த்தது. அதனால் பருவத்தின் முடிவில் மாணவர் இடும் குறி, ஆசிரியர் ஒருவரோடு நில்லாது கல்லூரியின் தரநிலையையும் தொடுகின்றது.

திருச்சிராப்பள்ளியில் இதன் தாக்கம் பெரிது. 1964-இல் மண்டலப் பொறியியற் கல்லூரியாகத் தோன்றி 2003-இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமான துவாக்குடி நிறுவனம், 2011-இல் தொடங்கிய இந்திய மேலாண்மைக் கழகம், ஸ்ரீரங்கம் வட்டத்தின் நாவலூர் குட்டப்பட்டில் அமைந்த தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் ஆகியன கடும் நுழைவுத் தேர்வில் வென்றோரையே சேர்க்கின்றன. அவ்வாறு வந்த இளைஞர் தேர்வுப் பயிற்சி மையத்தின் ஆசிரியரைக் கண்டு பழகியவர். பாடம் முழுவதும் முடிந்ததா, குறிப்பு கிடைத்ததா, வினா எதிர்பார்த்தவாறு வந்ததா என்பனவே அவர் கையிலுள்ள அளவுகோல்கள். விடையைச் சொல்லாமல் வினாவை மேலும் கடினமாக்கும் பேராசிரியர் அவருக்கு முதலில் பஞ்சடைத்த குண்டிகையாகவே தோன்றுவார்.

இது வெறும் ஊகமன்று. அமெரிக்க விமானப்படைக் கல்விக்கழகத்தில் மாணவர்கள் ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பதில்லை. குலுக்கல் முறைபோல் அவர்கள் பிரித்து அனுப்பப்படுகின்றனர். அங்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவரின் பதிவுகளை ஆராய்ந்து காரல், வெஸ்ட் எனும் பொருளியலறிஞர் இருவர் 2010-இல் ஆய்வொன்றை வெளியிட்டனர். நுண்கணிதத்தின் முதற்பாடத்தில் மாணவரை நல்ல மதிப்பெண் பெறச்செய்த ஆசிரியர்கள் மாணவரிடம் உயர்ந்த மதிப்பீட்டைப் பெற்றனர். ஆனால் அடுத்து வரும் மேற்பாடங்களில் அவர்களின் மாணவர்கள் பின்தங்கினர். அனுபவம் மிக்க ஆசிரியரிடம் பயின்றோர் முதலில் சற்றுக் குறைவாகப் பெற்றுப் பின்னர் முந்தினர்.

நம் ஊரிலேயே இதற்கு அரியதொரு சான்றுண்டு. 1844-இல் நாகப்பட்டினத்தில் தோன்றி 1883-இல் திருச்சிக்கு இடம்பெயர்ந்த தூய வளனார் கல்லூரியில், 1950-இல் இராமேசுவரத்து மாணவர் ஒருவர் இண்டர்மீடியட் வகுப்பில் சேர்ந்தார். ஏ.பி.ஜே. அப்துல் கலாம் எனும் அம்மாணவர் நான்காண்டுகள் அங்குப் பயின்றார். அவருடைய விடுதி அறையில் உடனுறைந்தவர் இருவர்: ஒருவர் ஸ்ரீரங்கத்து வைதிக ஐயங்கார்; மற்றவர் கேரளத்துச் சிரியன் கிறித்தவர். அக்காலத்து ஆசிரியர்களைப் பற்றி அவர் 'அக்னிச் சிறகுகள்' நூலில் விரிவாகக் கூறுகின்றார். ஆங்கிலம் கற்பித்த அருட்தந்தை செக்குயிரா, விவிலியத்தைக் கையிலேந்தியவாறு இரவுதோறும் விடுதி மாணவர் ஒவ்வொருவரையும் பார்த்துச் செல்வார். தீபாவளியன்று விடுதி மாணவருக்கு நல்லெண்ணெய் வழங்க ஏற்பாடு செய்தவரும் அவரே. சின்னதுரை, கிருஷ்ணமூர்த்தி எனும் பேராசிரியர்கள் அணுவின் உட்கூறுகளை அறிமுகப்படுத்தினர். கணிதப் பேராசிரியர்களான தோத்தாத்திரி ஐயங்காரும் சூரியநாராயண சாஸ்திரியும் வளாகத்தில் ஒருங்கே நடந்து செல்லும் காட்சியும் அவர் நெஞ்சில் நிலைத்திருந்தது. எந்தப் படிவத்தில் இதற்குக் கட்டம் உண்டு?

இந்நூல் வெளிவந்தது 1999-இல். பட்டம் பெற்று 45 ஆண்டுகள் கழித்து. இயற்பியல் தமக்குரிய துறையன்று என்பதைப் பட்டம் பெற்ற பிறகே உணர்ந்ததாகவும் அவர் அதில் சொல்கின்றார். இருந்தும் இயற்பியல் ஆசிரியர்களின் மீது அவருக்கிருந்த மதிப்பு குறையவில்லை.

திருச்சியை விட்டுச் சென்னை எம்.ஐ.டி.யில் சேர்ந்த பின்னர் நிகழ்ந்ததும் இங்குக் கருதத்தக்கது. விமான வடிவமைப்புப் பணி நிறைவு தராமையால் பேராசிரியர் சீனிவாசன் மூன்று நாள் தவணை தந்து, தவறினால் கல்வி உதவித்தொகையை நிறுத்திவிடுவதாக எச்சரித்தார். அந்த உதவித்தொகை இல்லையேல் படிப்பே இல்லை. ஊணுறக்கம் துறந்து கலாம் வரைபடத்தை முடித்தார். பேராசிரியர் அவரைத் தழுவிப் பாராட்டினார். இடையிலிருந்த சனிக்கிழமை இரவில் அம்மாணவரிடம் கருத்துப் படிவத்தை நீட்டியிருந்தால் என்ன எழுதியிருப்பார்?

இவ்வாறு கூறுவதால் மாணவரின் உடனடிக் கருத்துக்கு மதிப்பில்லை என்று நாம் வாதிடவில்லை. ஆசிரியர் வகுப்புக்கு வருகின்றாரா, விடைத்தாளைத் திருத்தித் திருப்பித் தருகின்றாரா, ஊர், சாதி, சமயம் நோக்கி ஒருவரை இழிவுபடுத்துகின்றாரா என்பவற்றை மாணவரைவிட நன்கறிந்த சாட்சி எவருமில்லை. அச்சாட்சியத்திற்குக் காலம் கனிய வேண்டியதில்லை. அக மதிப்பெண் ஆசிரியரின் கையில் இருப்பதால் பெயர் மறைப்பும் அதற்குத் தேவையே. முதுகலை வகுப்பில் பன்னிருவர் மட்டுமே இருக்கும்போது அந்த மறைப்பு எவ்வளவு தாங்கும் என்பது வேறு வினா. கடுமையாகத் திருத்தும் இளம் ஆசிரியர், அதுவும் ஆண்டுதோறும் பணி புதுப்பிக்கப்பட வேண்டிய தற்காலிக விரிவுரையாளர், ஒரு பருவத்தின் கசப்பினால் வேலையை இழக்கக்கூடும். அதை அறிந்தவர் மெல்லத் தம் வினாத்தாளை எளிதாக்கிக்கொள்வார்.

ஆதலின் இருவேறு வினாக்களை இருவேறு காலங்களில் கேட்பதே முறை. நடத்தை பற்றிய வினாவைப் பருவ முடிவில் கேட்கலாம். பாடத்தின் ஆழம் பற்றிய வினாவை, மேற்படிப்பிலோ பணியிலோ அப்பாடத்தைப் பயன்படுத்திப் பார்த்த ஐந்தாண்டுக்குப் பின் கேட்க வேண்டும். முன்னாள் மாணவர் சங்கங்கள் திருச்சியின் பழைய கல்லூரிகளில் இல்லாமலில்லை. நன்கொடை வேண்டி எழுதும் மடலோடு இந்த ஒரு வினாவையும் அவை சேர்த்து அனுப்பலாம்.