வில்லியம் பில்லிங்ஸின் மெட்டு நூல்

அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் குடியேறிய பியூரிட்டன் சமயத்தார், விவிலியத்தின் சங்கீதங்களை வழிபாட்டிற் பாடிவந்தனர். 1640இல் அவர்கள் அச்சிட்ட சங்கீத நூலின் முதற்பதிப்பில் பாடல்கள் இருந்தன. மெட்டுக் குறிப்புகள் இல்லை. நாளடைவில் ஒருவர் ஓரடியை எடுத்துக்கொடுக்க, சபையார் நினைவில் நின்ற மெட்டில் அதனைப் பாடும் வழக்கம் பரவியது. எழுத்துத் துணையற்ற மெட்டு ஆளுக்கொரு விதமாய் ஒலித்தது. இக்குறையைப் போக்கவே 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாட்டுப் பள்ளிகள் தோன்றின. இசைக்குறிப்பைப் பார்த்துப் பாடும் பயிற்சியை அவை இளையோர்க்கு அளித்தன.

அப்பள்ளிகளின் ஆசிரியர்களுள் ஒருவரே வில்லியம் பில்லிங்ஸ். 1746இல் பாஸ்டனில் பிறந்த அவரது தொழில் தோல் பதனிடுதல். இசையைப் பெரும்பாலும் தாமாகவே கற்றார். 1770இல் 'நியூ இங்கிலாந்துச் சங்கீதப் பாடகர்' என்னும் பொருள்படும் பெயரில் தம் முதல் மெட்டு நூலை வெளியிட்டார். அதன் முகப்புப் படத்தைச் செதுக்கியவர் புகழ்பெற்ற வெள்ளித் தொழிலாளர் பால் ரெவியர். அதுவரை அங்கு அச்சான மெட்டு நூல்கள் பெரும்பாலும் இங்கிலாந்து மெட்டுகளையே தாங்கியிருந்தன. இந்நூலிலுள்ள நூற்றுக்கும் மேற்பட்ட மெட்டுகள் அனைத்தும் பில்லிங்ஸ் இயற்றியவை. அமெரிக்கர் ஒருவரின் மெட்டுகள் மட்டுமே அடங்கிய முதல் நூல் இதுவே.

மெட்டுகளுக்கு முன்னர் இசையின் அடிப்படை விதிகளை விளக்கும் பாடங்களும் இதில் உள்ளன. ஆதலின் இது பாட்டு நூல் மட்டுமன்று, பாடநூலுமாகும்.

எட்டாண்டுகட்குப் பின், 1778இல், பாட்டாசிரியர்களுக்கு உதவும் நோக்குடன் இரண்டாம் நூலை வெளியிட்டார். அதன் முன்னுரையில், தம் முதல் நூலின் மெட்டுகளுட் பல அச்சேறத் தகாதவை என்று தாமே ஒப்புக்கொண்டார். சிறந்தவற்றைத் திருத்திச் சேர்த்தார். அவற்றுள் ஒன்றான 'செஸ்டர்', புதிய அடிகள் பெற்று விடுதலைப் போர்க்காலப் பாடலாகப் பெரும்புகழ் எய்தியது.

புகழ் பொருளாகவில்லை. தம் மெட்டுகளுக்குப் பதிப்புரிமை வேண்டி மாசசூசெட்ஸ் சட்டமன்றத்திடம் விண்ணப்பித்தார். 1772இல் அதற்கான சட்டம் நிறைவேறியும் ஆளுநர் ஒப்பமிடவில்லை. பிறர் அவர் மெட்டுகளைத் தம் தொகுப்புகளில் தாராளமாக அச்சிட்டனர். அமெரிக்காவின் முதற் கூட்டாட்சிப் பதிப்புரிமைச் சட்டம் 1790இல் வந்தது. பில்லிங்ஸோ 1800இல் வறுமையில் மறைந்தார்.

அவருடைய மெட்டுகளுட் சில 1844இல் வெளிவந்த 'புனித யாழ்' என்னும் தொகுப்பில் இடம்பெற்று இன்றும் பாடப்படுகின்றன. தாம் கற்பித்ததைப் பின்னர்த் தாமே ஆராய்ந்து, பிழையை ஏற்றுத் திருத்திய அவரது நேர்மை, ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் ஒருங்கே உரிய பாடமாகும்.