வரப்பில் ஓடும் மலை பைக்... உப்பும் சேறும் தாங்குமா?

2024 நவம்பர் 30-ம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. நகரத்தில் ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போன்ற தாழ்வான இடங்களில் தெருவில் நின்ற வண்டிகள் மூழ்கின. அடுத்த இரண்டு நாள்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் கரைபுரண்டு, பாகூர் பக்கத்து ஊர்களுக்குள்ளும் வயல்களுக்குள்ளும் புகுந்தது.

இப்படி மூழ்கிய வண்டியை, தண்ணீர் வடிந்ததும் வெளியே தள்ளி வந்து செல்ஃப் பட்டனை அழுத்திப் பார்ப்பதுதான் பெரும்பாலானவர்களின் வழக்கம். இன்ஜின் சாவது அந்த நொடியில்தான். காற்றை அழுத்தினால் சுருங்கும்; தண்ணீர் சுருங்காது. சிலிண்டருக்குள் நீர் நிற்கும்போது பிஸ்டன் மேலே வந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இந்தச் சேதத்துக்குச் சாதாரண இன்ஷூரன்ஸில் பணம் கிடைப்பது கடினம். இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாக ஒரு சேர்ப்பு எடுத்திருக்க வேண்டும்.

பழைய மொபெட் என்றால் சில ஆயிரங்களோடு போயிற்று. ஆனால், இப்போது வயல் வேலைக்கும் டவுன் பயணத்துக்கும் சேர்த்து, மலைப்பாதைக்கென வடிவமைத்த பைக்குகளை வாங்கும் இளம் விவசாயிகள் இருக்கிறார்கள். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200, ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன், சுசுகி வி-ஸ்ட்ராம் 250 போன்றவை அந்த வகை. தார்ச்சாலை, மண்பாதை இரண்டிலும் ஓடும். முன்னது இரண்டிலும் 21 அங்குல முன்சக்கரம். வண்டியின் அடிவயிறு தரையிலிருந்து 220 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் உயரம். மழைக்காலத்தில் களத்துக்கும் பம்புசெட் கொட்டகைக்கும் போக அது பெரிய வசதி. விலையும் லேசானதல்ல. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி வரையிலான பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி 18 சதவிகிதமாகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 சதவிகிதமாக உயர்ந்தது. 452 சி.சி ஹிமாலயன் இரண்டாவது வரிசையில் வருகிறது. இவ்வளவு பணம் போடும் வண்டி பத்து வருடமாவது உழைக்க வேண்டாமா?

உழைக்கும். ஆனால், அதை ஷோரூம்காரர் சொல்லும் கிலோமீட்டர் கணக்கில் பராமரித்தால் உழைக்காது.

டிராக்டருக்கு ஒரு கணக்கு, பைக்குக்கு ஒரு கணக்கா?

டிராக்டருக்கு ஆயில் மாற்ற எந்த விவசாயியும் கிலோமீட்டர் பார்ப்பதில்லை. மணி பார்க்கிறார். பல டிராக்டர்களின் கையேட்டில் 250 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று இருக்கும். சேற்றில் ஒரே இடத்தில் முக்கி முக்கி ஓடும் இன்ஜினுக்குத் தூரம் ஒரு அளவே இல்லை என்பது அவருக்குத் தெரியும். அதே மனிதர் பைக்குக்கு மட்டும் மீட்டரைப் பார்க்கிறார்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் 100 கிலோமீட்டர் போனால், இன்ஜின் ஓடியது இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. வாய்க்கால் கரையில் முதல் கியரில், 10 கிலோமீட்டர் வேகத்தில் அதே 100 கிலோமீட்டரை ஓட்டினால் 10 மணி நேரம். க்ளட்சை அரைகுறையாகப் பிடித்தபடியே ஓட்டுவது வேறு. இந்த பைக்குகளில் இன்ஜினுக்கும் க்ளட்சுக்கும் கியருக்கும் ஒரே ஆயில்தான். க்ளட்ச் பிளேட் தேய்ந்த தூள் அதிலேயே கலந்து சுற்றும். எனவே, கையேட்டில் 10,000 கிலோமீட்டர் என்று போட்டிருந்தால், வயல்வேலை வண்டிக்கு அதில் பாதியிலேயே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுவது நல்லது. கையேட்டின் பின்பக்கங்களிலேயே, தூசி, சேறு, கடும் உபயோகம் என்றால் இடைவெளியைக் குறைக்கச் சொல்லி ஒரு வரி இருக்கும். அந்த வரியை யாரும் படிப்பதில்லை என்பதுதான் பிரச்னை.

செயினை இறுக்கிக் கெடுக்கும் கதை

இந்த வகை பைக்குகளின் பின்பக்க சஸ்பென்ஷன் நிறைய மேலும் கீழும் போகும். பள்ளத்தில் இடுப்பைக் காப்பாற்றுவது அதுதான். அதே காரணத்தால் செயின் விஷயத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வண்டி வெறுமையாக நிற்கும்போது செயின் கொஞ்சம் தளர்வாகத்தான் தெரியும். இரண்டு பேர் ஏறி, பின்னால் ஒரு மூட்டையும் வைத்தால் சஸ்பென்ஷன் இறங்கும். செயின் தானாக விறைக்கும். சாதாரண பைக்கின் பழக்கத்தில், `தொங்குதே' என்று மெக்கானிக் இறுக்கிவிட்டால், லோடு ஏறும்போது செயின் கியர்பாக்ஸையே பிடித்து இழுக்கும். முதலில் போவது ஸ்ப்ராக்கெட் பல், பிறகு கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் பேரிங். பேரிங் மாற்ற இன்ஜினைப் பிரிக்க வேண்டும். கையேட்டில் உள்ள தளர்வு அளவை மெக்கானிக்குக் காட்டி, அந்த அளவுக்கே வைக்கச் சொல்ல வேண்டும்.

செயினைத் துடைக்க மண்ணெண்ணெயோ டீசலோ நனைத்த துணி போதும். பெட்ரோலும் கம்பி பிரஷும் செயினுக்குள் இருக்கும் ரப்பர் வளையங்களைக் கெடுத்துவிடும். காய்ந்ததும் 90 நம்பர் கியர் ஆயிலை உள்பக்கமாகக் கொஞ்சமாக விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடலாம். வேஸ்ட் ஆயிலும் கிரீஸும் தடவினால் மண் அப்பிக்கொள்ளும். அது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம்.

எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள்?

புதுச்சேரியில் கடற்காற்று வண்டியைத் தின்னும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடற்கரைச் சாலை ஓரத்து வீட்டின் ஜன்னல் கம்பியைப் பார்த்தாலே போதும். இந்த பைக்குகளில் அலாய் வீலுக்குப் பதிலாக ஸ்போக்ஸ் வீல்களே அதிகம். ஸ்போக்ஸும் ரிம்மும் சேரும் முடிச்சில் உப்பு உட்கார்ந்தால், ஒரு வருடத்தில் அது திருகவே வராது. பள்ளத்தில் விழுந்து ரிம் கோணினால் சரிசெய்ய வழியில்லாமல் மொத்த வீலையும் மாற்ற வேண்டிவரும். முன் ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் ஊசிமுனை அளவு துரு பிடித்தாலும் ஆயில் சீல் கிழியும். ஆயில் ஒழுகி பிரேக் டிஸ்க்கில் பட்டால் பிரேக் பிடிக்காது. வாரம் ஒருமுறை அந்தக் குழாயைத் துணியால் துடைக்க ஒரு நிமிடம்தான் ஆகும்.

உப்பு போக வண்டியைக் கழுவ வேண்டும், சரி. ஆனால், கடலோரக் கிராமங்களில் பல போர்வெல்களில் கடல்நீர் ஏறிவிட்டது. நாற்றங்காலுக்கு ஆகாது என்று ஒதுக்கிய அதே போர் தண்ணீரில் பைக்கைக் கழுவுகிறார்கள். கழுவிய தண்ணீர் காய்ந்து, உப்பு மட்டும் இடுக்குகளில் தங்குகிறது. பயிருக்கு ஆகாத தண்ணீர் வண்டிக்கும் ஆகாது. குடிநீர்க் குழாய்த் தண்ணீரோ மழைநீரோ இரண்டு வாளி போதும். பட்டறையில் பிரஷர் வாட்டர் அடிக்கும்போது சக்கர பேரிங், ரேடியேட்டர், ஒயர் இணைப்புகளில் நேராக அடிக்க விடக் கூடாது. ரேடியேட்டர் இதழ்கள் மடங்கினால் காற்றுப் புகாது. உழவுச் சேறு அதில் அப்பிக் காய்ந்தாலும் அதே கதைதான். நாற்று நடவு முடிந்த வாரத்தில் `வண்டி ஹீட் ஆகிறது' என்றால் முதலில் அங்கே பார்க்க வேண்டும்.

கடலைவிட மோசமான உப்பு விவசாயியின் கையிலேயே இருக்கிறது. பொட்டாஷ் உரம் என்பது பொட்டாசியம் குளோரைடு, அதுவும் உப்புதான். பின்னால் கட்டிய மூட்டையிலிருந்து சிந்தும் பொட்டாஷும் யூரியாவும் ஈரத்தில் கரைந்து கேரியர் பற்றவைத்த இடத்திலும், சீட்டுக்கு அடியிலுள்ள ஃபிரேமிலும் இறங்கும். மூட்டைக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் தாள் விரித்து, வீடு திரும்பியதும் நல்ல தண்ணீர் ஊற்றிவிடலாம். எடையும் கவனிக்க வேண்டிய விஷயம். டி.வி.எஸ் எக்ஸ்.எல் சுமைக்காகவே கட்டிய வண்டி. மலை பைக்கின் பின் ஃபிரேம் அப்படியல்ல. இரண்டு பால் கேனைத் தினமும் தொங்கவிட்டால் வெல்டிங் விரியும். அந்த வேலைக்கு மொபெட்டை வீட்டில் வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

அறுவடைக் காலத்தில் ஏர் ஃபில்டரை அடிக்கடி கழற்றிப் பார்க்க வேண்டும். பேப்பர் ஃபில்டரைக் கழுவக் கூடாது. தட்டி, உள்பக்கத்திலிருந்து வெளியே காற்றடிக்கலாம், நைந்திருந்தால் மாற்றலாம். நெல் மூட்டைகளோடு ஒரே கொட்டகையில் நிற்கும் வண்டியில் எலி ஒயரைக் கடிக்கும்; ஃபில்டர் பெட்டிக்குள் கூடும் கட்டும். சூடான சைலன்சரோடு காய்ந்த வைக்கோல் மேல் வண்டியை நிறுத்துவது அதைவிட ஆபத்து. தீப்பிடித்தால் வண்டியோடு போரும் போகும்.

பெட்ரோலைப் பற்றிய கேள்வியும் வருகிறது. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவிகிதம் எத்தனால் கலந்தது. கரும்பும் மக்காச்சோளமும் அரிசியும் அதில் இருப்பதால் விவசாயிக்கு அதில் வருத்தம் இல்லை. ஆனால், எத்தனால் ஈரத்தை இழுக்கும். டேங்க்குக்குள் தண்ணீர் சேர்ந்துவிட்டால், எத்தனால் அதோடு சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகளின் பாகங்கள் இதற்கு ஏற்றவை. அதற்கு முந்தைய வண்டி என்றால், பெட்ரோல் டியூபையும் ரப்பர் வளையங்களையும் ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்கச் சொல்ல வேண்டும். எந்த வண்டியானாலும் மாதக்கணக்கில் பாதி டேங்க்கோடு நிறுத்தி வைக்க வேண்டாம். பிரேக் ஆயிலும் ஈரத்தை இழுப்பதுதான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

மூழ்கிய வண்டியை என்ன செய்வது?

சாவியைத் தொடாமல் முதலில் பேட்டரி ஒயரைக் கழற்ற வேண்டும். ஸ்பார்க் பிளக்கையும் ஏர் ஃபில்டரையும் கழற்றி, பழைய ஆயிலை வடிக்கலாம். ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் வந்தால், உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. பிளக் இல்லாமலே, மேல் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினால் சிலிண்டரில் நிற்கும் நீர் வெளியேறும். பிறகு புது ஆயில் ஊற்றிக் கொஞ்ச நேரம் ஓட்டி, அதையும் வடித்துவிட வேண்டும். ஆயில் நிறம் மாறாமல் வரும்வரை இதைச் செய்ய வேண்டும். இரண்டு, மூன்று முறை ஆகலாம். பெட்ரோல் டேங்க், சக்கர பேரிங், ஸ்டியரிங் பேரிங், பிரேக் எல்லாவற்றையும் பிரித்துப் பார்ப்பது அதற்கு அடுத்த வேலை. மெக்கானிக் பட்டறையில் கூட்டம் அதிகமென்று ஒரு மாதம் காத்திருந்தால் உள்ளே துரு பிடித்துவிடும். ஆயிலை வடிக்கும் வேலையையாவது அன்றே வீட்டில் முடித்துவிடலாம்.

பழைய வண்டி வாங்க நினைப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். 411 சி.சி ஹிமாலயனின் தயாரிப்பு 2023-ல் நின்றுவிட்டது. இப்போது பழைய சந்தையில் அது கிடைக்கிறது. காற்றாலும் ஆயிலாலும் குளிரும் எளிய இன்ஜின் என்பதால் உள்ளூர் மெக்கானிக் கை வைக்க முடியும். புதிய 452 சி.சி வண்டிக்கு ரேடியேட்டரும் கூடுதல் எலெக்ட்ரானிக்ஸும் உண்டு. கோளாறு வந்தால் நகரத்து சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும். எதை வாங்கினாலும் சீட்டைக் கழற்றி அடியில் பார்க்கவும். மூலைகளில் மெல்லிய வண்டல் படிந்திருந்தாலோ, ஒயர் இணைப்புகள் பச்சை பூத்திருந்தாலோ, அந்த வண்டி ஒருமுறை வெள்ளம் பார்த்திருக்கிறது. ஹெட்லைட்டுக்குள் நீர்க்கோடு இருந்தாலும் அதே அர்த்தம்.

கடலூர், விழுப்புரம் பக்கத்து விவசாயிகள் விலை குறைவென்று புதுச்சேரி நம்பர் வண்டியை வாங்குவதாக இருந்தால், தடையில்லாச் சான்றும், தமிழ்நாட்டில் மறுபதிவுக்குக் கட்ட வேண்டிய சாலை வரியும் சேர்த்து விலை பேச வேண்டும். சான்று கையில் வந்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுக்கலாம்.