களத்தில் முலையூட்டிகளை இனங்காணல்: வழிகாட்டி நூல்களின் தெரிவும் பயன்பாடும்

பறவைகளை நோக்குவோருக்குக் கிட்டும் வாய்ப்பு முலையூட்டிகளை நோக்குவோருக்குக் கிட்டுவதில்லை. பறவை பகலில் உலவுகின்றது. குரலால் தன்னை அறிவிக்கின்றது. கிளையில் அமர்ந்து எமக்குச் சிறிது அவகாசமும் தருகின்றது. முலையூட்டிகளுட் பெரும்பாலானவையோ இரவில் இயங்குபவை. மணம் பிடித்து முன்னரே விலகிவிடுபவை. இலங்கையின் முலையூட்டிகள் என்றதும் யானையும் சிறுத்தையும் மரையுமே எமது நினைவுக்கு வருகின்றன. ஆயினும் வௌவால்கள் மாத்திரமே ஏறத்தாழ 30 இனங்கள் உள. அவற்றோடு எலி, அணில் முதலிய கொறியுயிர்களையும் மூஞ்சூறுகளையும் சேர்ப்பின், இத்தீவின் முலையூட்டி இனங்களிற் பாதிக்கும் மேற்பட்டவை சாதாரண மனிதர் கண்ணுக்கு வேறுபாடு தெரியாதவை என்பது புலனாகும். இந்நிலையிற் கையிலுள்ள வழிகாட்டி நூல் யாது, அது எவ்வாறு பயன்படுத்தப்படுகின்றது என்பன சிறு வினாக்களல்ல. களக்குறிப்பில் எழுதப்படும் பிழையான பெயரொன்று, பின்னர் பரம்பற் படமொன்றிற் புள்ளியாகிவிடுகின்றது. அப்புள்ளியை நம்பிக் காடொன்றைப் பற்றிய முடிவுகளும் எடுக்கப்படுகின்றன.

கைந்நூல் வேறு, கள வழிகாட்டி வேறு என்பதை முதலில் தெளிதல் வேண்டும். பெருந்தோட்டத் துரையாகவிருந்த டபிள்யூ. டபிள்யூ. ஏ. பிலிப்ஸ் 1935 இல் வெளியிட்ட இலங்கை முலையூட்டிகளின் கைந்நூல் இத்துறையின் அடிப்படை நூலாகும். அதன் திருத்திய பதிப்பு 1980 தொடக்கம் 1984 வரை மூன்று பகுதிகளாக வெளிவந்தது. உரோமத்தின் நிறம், மண்டையோட்டின் அளவு, பல் அமைப்பு என்பவற்றை விரிவாகத் தரும் இத்தகைய நூல் மேசைமீது மாதிரியொன்றை வைத்திருப்பவருக்கு உரியது. இவ்வகை நூல்களின் இணைக்கவர்ச் சுட்டிகள் கடைவாய்ப் பற்களின் எண்ணிக்கையை வினவும். வீதியைக் கடக்கும் கீரியை வாய் திறக்குமாறு நாம் கேட்க முடியாது. உயிருள்ள விலங்கைத் தொலைவிலிருந்தே பிரித்தறியும் முறையைப் பரவலாக்கியவர் அமெரிக்கரான ரொஜர் ரோறி பீற்றர்சன் ஆவார். 1934 இல் வெளிவந்த தமது பறவை நூலில், ஒத்த தோற்றமுடையவற்றை ஒரே பக்கத்தில் அருகருகே வரைந்து, வேறுபடும் உறுப்பைச் சிறு கோட்டினாற் சுட்டினார். அதே வரிசையில் வட அமெரிக்க முலையூட்டிகளுக்கான நூல் 1952 இல் வந்தது. ஒரு நூல் கள வழிகாட்டியா என்பதை அறிய நான் கையாளும் சோதனை எளியது. ஒன்றையொன்று ஒத்த இரு விலங்குகளை அந்நூல் ஒரே பக்கத்தில் வைத்து ஒப்பிடுகின்றதா என்று பார்ப்பேன். ஒப்பிடாத நூல் எத்துணை அழகிய படங்களைக் கொண்டிருப்பினும் அலுமாரிக்கே உரியது.

இரண்டாவது, நூல் எப்பிரதேசத்துக்கு உரியது என்பது. பிறேற்றரின் இந்திய விலங்குகள் பற்றிய நூலும் (1948) விவேக் மேனனின் இந்திய முலையூட்டிகள் வழிகாட்டியும் (2014) பயன்மிக்கவையே. எனினும் இந்தியாவை முன்னிறுத்தும் நூலைப் புரட்டும் மாணவன் இத்தீவில் இல்லாத ஓநாயையும் செந்நாயையும் முள்ளெலியையும் கடந்தே தனக்குரியதைத் தேடவேண்டியவனாகின்றான். தேடும் வழியிற் பொருந்தாத ஒன்றிலே நின்றுவிடவுங் கூடும். இலங்கைக்கென எழுந்தவற்றுள் கெஹான் த சில்வா விஜேரத்னவின் புகைப்பட வழிகாட்டி (2008) பையில் அடங்குவது. அசோக யாப்பா, காமினி ரத்னவீர ஆகியோரின் நூல் (2013) ஓவியங்களால் விளக்கப்பட்டது, பருமனானது, வீட்டிலிருந்து கற்பதற்கு உகந்தது. புகைப்படம் குறிப்பிட்டதொரு விலங்கை, குறிப்பிட்டதொரு வெளிச்சத்திற் காட்டுவது. மாலை வெயிலிற் சாம்பற் கீரியும் செந்நிறமாகத் தோன்றும். ஓவியன் பலவற்றை நோக்கிப் பொதுவானதை வரைகின்றான். இரண்டுள் ஒன்றையே தெரிய வேண்டுமாயின் ஓவியமுடைய நூலையே நான் பரிந்துரைப்பேன்.

கீரிகளையே எடுத்துக்கொள்வோம். தமிழிற் பொதுவாகக் கீரி என்ற ஒரு சொல்லால் நாம் குறிப்பவை இலங்கையில் நான்கு இனங்களாகும். நிறத்தைக் கொண்டு அவற்றைப் பிரிக்க முயல்வோர் பெரும்பாலும் ஏமாறுவர். நோக்க வேண்டியது வாலையே. சாம்பற் கீரியின் வால்நுனியிற் கறுப்பு இல்லை. செங்கீரியின் வால்நுனி கறுப்பு; நடக்கும்போது அந்நுனியை மேல்நோக்கி வளைத்துச் செல்லும். கழுத்துவரிக் கீரிக்கும் வால்நுனி கறுப்பே. ஆயின் அது பருத்த உடலும் கழுத்தின் பக்கத்தே கரிய வரியும் உடையது. நான்காவதான கபிலக் கீரி முழுவதும் கருங்கபிலமாய், வால்நுனி வேறு நிறமின்றிக் காணப்படும். வீதியோரத்தில் மூன்று விநாடிகள் மட்டுமே கிடைப்பினும் வால்நுனியைக் காண அவை போதும். அங்கு பார்க்க வேண்டுமென்பதை முன்கூட்டியே அறிந்தவனுக்கே அவை போதும். ஆகவே வழிகாட்டி நூல் வாசிக்கப்பட வேண்டிய இடம் காடன்று, வீடே.

களத்தில் நூலைத் திறக்கும் வேளையும் முக்கியமானது. விலங்கு நிற்கும்போதே பக்கங்களைப் புரட்டுவோர் விலங்கை இழக்கின்றனர். அதனினும் கேடானது, படத்தைக் கண்ட பின்னர் எமது நினைவு அப்படத்துக்கேற்ப மாறிவிடுவதாகும். முதலிற் பார்த்தல், அடுத்து எழுதுதல், அதன்பின்னரே நூலைத் திறத்தல் என்ற ஒழுங்கை மாணவர்கள் கடைப்பிடிக்கச் செய்வது எளிதன்று. இரவில் மின்சூள் ஒளியிற் கண்களின் மினுக்கத்தை மட்டும் கண்டு பெயர் கூறும் ஆவல் அத்துணை வலியது.

பெயர்களால் எழும் இடர் தனியே நோக்கற்பாலது. நூல்களிற் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் உள்ளன. தகவல் தருவோரோ விவசாயிகளும் மீனவர்களும் தோட்டத் தொழிலாளருமாவர். தமிழகத்தார் கடமான் என்பதை நாம் மரை என்கின்றோம். ஈழத்துக் கிராமத்தவர் புலி என்று கூறுவது பெரும்பாலும் சிறுத்தையையே. மீன்பிடிப் பூனைக்குத் தமிழிற் கொடுப்புலி என்றும் சிங்களத்தில் ஹந்துன் திவியா என்றும் வழங்கும் பெயர்களில் முறையே புலியும் சிறுத்தையும் ஒளிந்துள்ளன. வயலோரத்திற் கண்ட கொடுப்புலி, செய்தி பரவும்போது சிறுத்தைக் குட்டியாகி, அச்சத்தையும் சில வேளை விலங்கின் சாவையும் விளைவிக்கின்றது. வேறுபாடோ கடினமானதன்று. மீன்பிடிப் பூனையின் வால் குறுகியது. தலையும் உடலும் சேர்ந்த நீளத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே. அதன் புள்ளிகள் நிறைந்த புள்ளிகள். நெற்றியிற் கோடுகள் ஓடும். சிறுத்தைக்கு நீண்ட வாலும் வளையப் புள்ளிகளும் உள. இதனைக் கிராமத்தவருக்கு அவர்தம் மொழியிற் கூறும் நூல், ஆய்வாளருக்கான பத்து நூல்களினும் பயன்மிக்கது என்பது எனது கருத்து. கிராமத்தவரின் பெயர்கள் பிழையென ஒதுக்கற்குரியனவுமல்ல. எப்பெயர் எவ்வூரில் எவ்விலங்கைக் குறிக்கின்றது என்பதே பதிவுக்குரிய தரவாகும்.

அறிவியற் பெயர்களும் நிலையானவையல்ல. இலங்கையில் ஒன்றெனக் கருதப்பட்ட சருகுமானை, 2005 இல் குறோவ்ஸ், மெய்ஜார்ட் ஆகியோர் உலர்வலயத்துக்கும் ஈரவலயத்துக்கும் உரிய இரு இனங்களாகப் பிரித்தனர். ஈரவலயத்ததன் வரிகள் மஞ்சட் சாயலுடையவை. இலங்கைக்கே உரிய பொன்னிற மரநாயை 2009 இற் பல இனங்களாக வகுத்தனர். 2015 இற் பரம்பரையலகுச் சான்றுகளையும் உடலமைப்பையும் ஆராய்ந்தோர் அவை ஒரே இனமே என்றனர். இடையில் அச்சான நூலை நம்பி வெறும் பெயரை மட்டும் எழுதியவரின் குறிப்பு இன்று எவ்வகையிலும் உதவாது. வரியின் நிறத்தையும் இடத்தையும் எழுதியவரின் குறிப்போ, எத்தனை முறை பெயர் மாறினும் உரிய இனத்திற் சேர்க்கப்படக் கூடியது. சிங்கராஜ வனத்திலிருந்து 2007 இற் புதிய மூஞ்சூறு இனமொன்று விவரிக்கப்பட்டது. அதற்கு முற்பட்ட எந்த வழிகாட்டியிலும் அதற்குப் படமில்லை. நூலில் இல்லாத விலங்கைக் கண்டவர், நூலிலுள்ள ஏதோவொன்றின் பெயரை அதற்குச் சூட்டாதிருப்பதும் ஒரு பயிற்சியே.

எனது மாணவர்களின் குறிப்பேட்டில் ஒவ்வொரு பதிவும் நாள், நேரம், இடம், நிலத்தோற்றம், வெளிச்சம், தொலைவு, வீட்டுப் பூனையோடு ஒப்பிட்ட பருமன், வாலின் நீளமும் நுனியும், நடை, அடிச்சுவடு என்ற ஒழுங்கில் அமைய வேண்டும். அடிச்சுவட்டில் நகக்குறி தெரிகின்றதா என்பதையும் எழுதுவர். நாய், நரி என்பவற்றின் சுவட்டில் அது தெரியும்; பூனைகளுக்குப் பொதுவாகத் தெரியாது; நகங்களை முற்றாக உள்ளிழுக்க இயலாத மீன்பிடிப் பூனையின் சுவட்டிற் சில வேளை தெரியும். பயன்படுத்திய நூலின் பெயரும் பதிப்பு ஆண்டும் அதன்கீழ் வரும். விலங்கின் பெயர் இறுதியாக, பென்சிலால் எழுதப்படும்.