நீமோவுக்கு உடம்பு சரியில்லை!

கடல் எங்கே... வையம்பட்டி எங்கே? திருச்சி - திண்டுக்கல் ரோட்டுல மணப்பாறையைத் தாண்டினா எங்க ஊர். தண்ணின்னா பொன்னணியாறு அணைதான், அதுவும் மழை பெய்ஞ்சாத்தான்! மணப்பாறை முறுக்கோட ருசிக்கே இந்தப் பக்கத்து லேசான உப்புத் தண்ணிதான் காரணம்னு பெருமையா சொல்வாங்க. அதுக்காக அந்த உப்பை நம்பி யாராவது கடல்மீன் வளர்க்கக் கிளம்புவாங்களா? நான் கிளம்பினேன் பாஸ்!

2003ல வந்த 'ஃபைண்டிங் நீமோ' படம் பார்த்த யாருக்கும் வர்ற ஆசைதான். ரெண்டு கோமாளி மீன், ஒரு நீல 'டோரி'. திருச்சியில ஒரு கடையில வாங்கினேன். கவரை வெட்டி நேரா தொட்டிக்குள்ள விட்டேன். அங்கேதான் முதல் தப்பு.

நாலாம் நாள் டோரி மேல வெள்ளை வெள்ளையா புள்ளி. டேபிள் சால்ட்டைத் தூவின மாதிரி. கேட்டதும் ஒரு அண்ணன், "கைப்பிடி கல்லுப்பு போடு தம்பி, சரியாயிடும்"னார். போட்டேன். ரெண்டே நாள்ல புள்ளி காணோம்! ஃப்ரெண்ட்ஸுக்கு பரோட்டா ட்ரீட் வேற. அடுத்த வாரம் மூணு மீனும் புள்ளி புள்ளியா நின்னுச்சு. மேல்மூச்சு கீழ்மூச்சு. அன்னிக்கு ராத்திரியே டோரி போயிடுச்சு.

அந்த அண்ணன் சொன்னது முழுப் பொய் இல்லைங்க. நன்னீர் மீனுக்கும் இதே மாதிரி வெள்ளைப்புள்ளி வரும், அதுக்கு உப்பு நல்ல மருந்து. ஆனா அது வேற கிருமி. கடல்மீனுக்கு வர்றது 'கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ்'. 1930கள்லயே ஜப்பான்ல கண்டுபிடிச்சது, 1951ல இந்தப் பேரை வச்சாங்க. உப்புலேயே பிறந்து வளர்ந்த கிருமிக்கு உப்பைப் போட்டா என்ன ஆகும்? விருந்துதான்!

சரி, புள்ளி ஏன் மறைஞ்சது? இதுதான் மேட்டரே. அந்த ஒட்டுண்ணி மீனோட தோலுக்கு அடியில 3 முதல் 7 நாள் இருந்து தின்னு கொழுக்கும். அப்புறம் தானாவே கழண்டு கீழே விழுந்து, மணல்லயோ கண்ணாடியிலயோ ஒட்டிக்கிட்டு ஓடு கட்டிக்கும். அந்த ஒரு ஓட்டுக்குள்ள இருந்து 200 குட்டி வரை வெளியே வரலாம். நாம 'குணமாயிடுச்சு'ன்னு பரோட்டா சாப்பிடுற நேரத்துல அது குடும்பத்தைப் பெருக்கிட்டு இருக்கும்!

செத்த டோரியை ஐஸ் டப்பாவுல வச்சு, திருச்சியில விலங்கியல் படிக்கிற நண்பனோட லேபுக்கு ரயில்ல கொண்டுபோனேன். மைக்ரோஸ்கோப்புல ஒண்ணுமே இல்லை. அங்கிருந்த மேடம் சிரிச்சாங்க. "செத்த மீனை விட்டு ஒட்டுண்ணி இறங்கிப் போயிடும்பா. உயிரோட இருக்கறதைக் கொண்டு வா."

மறுநாள் ஒரு கோமாளி மீன் என்கூட ரயில் ஏறுச்சு. தோல் மேல இருக்கிற வழவழப்பை கண்ணாடித் துண்டால லேசா வழிச்சு எடுத்து லென்ஸ் அடியில வச்சோம். உருண்டையா ஒண்ணு மெதுவா சுத்திக்கிட்டே இருந்துச்சு... கிரிப்டோதான். அசையாம, பழுப்பு நிறத்துல, துளி மாதிரி ஒட்டிக்கிட்டு இருந்தா அது 'வெல்வெட்'. மீன் மேல பொன்துகள் தூவின மாதிரி தெரியும், ஒரே நாள்ல கூட ஆளைக் காலி பண்ணிடும். அவரை விதை மாதிரி இருந்துக்கிட்டு துறுதுறுன்னு ஓடினா 'புரூக்ளினெல்லா', கோமாளி மீனுக்கு அடிக்கடி வர்ற வியாதி, அதுக்கு ஃபார்மலின். தட்டையா, கொக்கி வச்ச புழுன்னா 'ஃப்ளூக்'. வெளியில பார்த்தா எல்லாமே 'மீனுக்கு உடம்பு சரியில்லை'தான். மருந்து மட்டும் வேற வேற. பார்க்காம மருந்து ஊத்தறது, சிலபஸ் தெரியாம பிட் எழுதுற மாதிரி!

வீட்டுக்கு வந்தா... ரயில் ஏறாத இன்னொரு கோமாளி மிதந்துக்கிட்டு இருந்துச்சு. அன்னிக்கு ராத்திரி சாப்பாடு இறங்கலைங்க.

பக்கெட் வைத்தியம்

வழக்கமான மருந்து தாமிரம். லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம், 2 முதல் 3 வாரம். குறைஞ்சா வேலை செய்யாது, கூடினா மீனே போயிடும். டெஸ்ட் கிட் இல்லாம தொடவே கூடாது. தனித் தொட்டியிலதான் போடணும், இறால், சிப்பி எதுவும் தாங்காது. (பவளமும் தாங்காதுதான். ஆனா பாறை கட்டுற பவளங்கள் 2001லயே வனவிலங்குச் சட்டத்தோட முதல் அட்டவணைக்குப் போயாச்சு. யார் வித்தாலும் வாங்காதீங்க!) இன்னொரு வழி, லிட்டருக்கு 35 கிராம் இருக்கிற உப்பை 15க்கும் கீழே இறக்கி மூணு நாலு வாரம் வைக்கறது. சில கிரிப்டோ இதுக்கும் மசியாது.

என் பாக்கெட்டுக்கு செட் ஆனது மூணாவது வழி. ரெண்டு பக்கெட். கீழே விழுந்த ஓடு வெடிக்கக் குறைஞ்சது 3 நாள் ஆகும் இல்லையா? அதுக்குள்ள மீனைப் புது பக்கெட்டுக்கு மாத்திட்டு, பழசைக் கழுவி நல்லா காய வச்சிடணும். 1, 4, 7, 10ம் நாள் மாத்தி, 13ம் நாள் சுத்தமான வேற தொட்டிக்குப் போயிடலாம். 20 லிட்டருக்கு 700 கிராம் கடல் உப்புக் கலவை, நாலு தடவைக்கு 2.8 கிலோ. மருந்தே கிடையாது, வெறும் டைமிங்! எங்க டிபார்ட்மென்ட் ஆளுங்களுக்கு இதெல்லாம் ரொம்பப் பிடிக்கும்.

மண்டபத்துல இருக்கிற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையத்துல, 2010ல கோபியாவை, அதாங்க கடல் விராலை, இனப்பெருக்கம் பண்ண வச்சாங்க. கடல்ல பிடிச்ச தாய்மீனை அவங்க நேரா தொட்டியில விடறதில்லை. முதல்ல தனியா வச்சு, ஃபார்மலின் குளியல், அப்புறம் 5 நிமிஷம் நல்ல தண்ணிக் குளியல். தண்ணியில உப்பு இல்லைன்னா மேல ஒட்டியிருக்கிற புழு தாங்காது, உதிர்ந்துடும். தோலுக்கு அடியில ஒளிஞ்சிருக்கிற கிரிப்டோ மட்டும் தப்பிச்சிடும். அவ்வளவு பெரிய மீனுக்கே குவாரன்டைன் உண்டு... என் விரல் நீள நீமோவுக்கு நான் ஒரு நாள் கூடத் தரலை.

ரயில் ஏறின கோமாளி பிழைச்சிடுச்சு! இப்போ தனியா ஒரு குட்டித் தொட்டியில இருக்கு. பெரிய தொட்டியில மீனே விடலை. அந்த ஓடுகள்ல சிலது 72 நாள் வரை கூட வெடிக்காம இருந்ததா பதிவாகியிருக்கு, அதனால நான் 76 நாள் கணக்கு வச்சிருக்கேன். இன்னிக்கு 51. அம்மா தினமும் கேக்கறாங்க, "மீனே இல்லாத தொட்டிக்கு எதுக்குடா மோட்டார் ஓடுது?"